வெங்காய வயலிலிருந்து கிளீவ்லாந்து ஆட்டக்கூடம்வரை

நியூயார்க் மாநிலத்தின் ஆரஞ்சு கவுண்டியில் ஃபிளாரிடா என்றொரு சிற்றூர் இருக்கிறது. நியூயார்க் நகரத்திலிருந்து வடமேற்கே காரில் ஒன்றரை மணி நேரம். ஊரைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் மண் கன்னங்கரேலென்று ஆகிவிடுகிறது. நம் ஊர்க் கரிசல் வேறு, இது வேறு. பனியுகத்து ஏரி ஒன்று தூர்ந்து சதுப்பாகி, அதில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் செடிகொடிகள் மக்கிப் படிந்த மண். சுமார் 26,000 ஏக்கர் இப்படிக் கிடக்கிறது. போலந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்த குடியேறிகள் வாய்க்கால் வெட்டிச் சதுப்பு நீரை வடித்து, வெங்காயம் பயிரிட்டார்கள். நவம்பர் கடைசியில் நான் போனபோது அறுவடை முடிந்திருந்தது. வயல்கள் வெறுமையாக, ஈரம் மினுங்கக் கிடந்தன.

இந்த ஊரில் 1941இல் பிறந்தவர் ஜிம்மி ஸ்டர். கிளாரினெட்டும் சாக்ஸபோனும் வாசிப்பவர், இசைக்குழுத் தலைவர். போல்கா ஆல்பங்களுக்காக 18 கிராமி விருதுகள் வாங்கியவர். அவருடைய வம்சம் அயர்லாந்து வழி. ஆனாலும் வெங்காயம் பயிரிட்ட போலந்துக் குடும்பங்களின் கல்யாண வீடுகளில் ஒலித்த இசைதான் அவர் காதில் முதலில் விழுந்தது. பள்ளி நாளிலேயே குழு சேர்த்துவிட்டார். எந்த மண்ணில் வளர்கிறோமோ அந்த மண்ணின் தாளம் காலில் ஏறிவிடும் என்பதற்கு அவரைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. கிளீவ்லாந்தில் தேங்க்ஸ்கிவிங் வார இறுதியில் கூடும் போல்கா ரசிகர்களைப் பார்க்கப் புறப்பட்ட நான், பயணத்தை இந்த ஊரிலிருந்து தொடங்கியது அதனால்தான்.

காரில் ஓடிக்கொண்டிருந்தது அவருடைய 2003ஆம் ஆண்டு ஆல்பம், ‘லெட்ஸ் போல்கா ரவுண்ட்’. அதில் மூன்று பெரிய விருந்தினர்கள். பேஞ்சோ கலைஞர் பேலா ஃபிளெக், டெனர் சாக்ஸபோன் கலைஞர் பூட்ஸ் ராண்டால்ஃப், பிடில் வாசித்துப் பாடிய சார்லி டேனியல்ஸ். மூவரில் நமக்கு நெருக்கமானவர் ஃபிளெக். ஜாகிர் உசேனின் தபலாவோடும், டபுள் பாஸ் கலைஞர் எட்கர் மேயரோடும், ராகேஷ் சௌராசியாவின் புல்லாங்குழலோடும் அவர் சேர்ந்து வாசித்த ‘ஆஸ் வி ஸ்பீக்’ 2024 பிப்ரவரியில் கிராமி வாங்கியது. அதே நாளில்தான் சங்கர் மகாதேவனும் செல்வகணேஷும் இருக்கும் ‘சக்தி’ குழுவுக்கும் கிராமி கிடைத்தது. தபலாவின் நுணுக்கத்துக்கு ஈடுகொடுக்கும் அந்த விரல்கள், வெங்காய வயல்காரர்களின் ஆட்டப்பாட்டில் என்ன செய்கின்றன என்று தெரிந்துகொள்ளும் ஆவல் எனக்கு. அதைவிடப் பெரிய ஆவல், போல்காவையே உயிர்மூச்சாகக் கொண்டவர்கள் அந்த வாசிப்பை எப்படி எடைபோடுகிறார்கள் என்பது.

போல்கா 1830களில் பொஹீமியாவில், அதாவது இன்றைய செக் நாட்டில் தோன்றிய ஆட்டம். அடுத்த பத்தாண்டில் பாரிசைப் பிடித்துக்கொண்டது. அங்கிருந்து கப்பலேறி அமெரிக்கா வந்தது. இரண்டடித் தாளம். அடி விழும் இடத்தில் பாஸ் ஒலிக்கும், அடிக்கும் அடிக்கும் நடுவே அக்கார்டியனோ பேஞ்சோவோ ‘சக்’ என்று ஒரு வெட்டு வெட்டும். ஆடுகிறவரின் கால் அந்த வெட்டைத்தான் நம்பி எழும்புகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும்.

ஃபிளாரிடாவிலிருந்து கிளீவ்லாந்து எழுநூறு கிலோமீட்டர் போல. பாதிக்கு மேல் பென்சில்வேனியாவின் மலைச்சாலை. ஸ்க்ரான்டனைத் தாண்டிக் கொஞ்சம் தெற்கே விலகினால் லாட்டிமர் என்ற சிறிய சுரங்க ஊர் வரும். 1897 செப்டம்பர் 10 அன்று, கையில் ஆயுதம் இல்லாமல் ஊர்வலம் வந்த நிலக்கரித் தொழிலாளர்களை ஷெரிஃபின் ஆட்கள் சுட்டார்கள். 19 பேர் மாண்டார்கள். போலந்துக்காரர்கள், ஸ்லோவாக்கியர்கள், லிதுவேனியர்கள். சுட்டவர்கள் நீதிமன்றத்தில் விடுதலையானார்கள். நினைவுக்கல் முன்னால் நின்றபோது காற்று முகத்தை அறுத்தது. இந்த மக்கள் வாரம் முழுதும் பூமிக்குள் கிடந்துவிட்டு, சனிக்கிழமை இரவு தேவாலயக் கூடத்தில் ஆடிய ஆட்டம் இது. போல்காவை வெறும் குதூகல இசை என்று ஒதுக்குகிறவர்கள் இந்த மலைகள் வழியாக ஒருமுறை வந்து போக வேண்டும்.

கிளீவ்லாந்தின் போல்கா போலந்து வழி வந்ததல்ல, ஸ்லோவேனிய வழி வந்தது. ஈரி ஏரிக்கரையின் எஃகு ஆலைகளுக்கும் இயந்திரப் பட்டறைகளுக்கும் வேலை தேடி வந்த ஸ்லோவேனியர்கள் 1924இல் செயின்ட் கிளேர் அவென்யூவில் தங்களுக்கென்று ஒரு தேசிய மன்றம் கட்டிக்கொண்டார்கள். அந்தக் கட்டடம் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. நகரத்தை ஒட்டிய யூக்ளிடில் போல்கா அருங்காட்சியகம் இருக்கிறது. உள்ளே அக்கார்டியன்கள், மேடை உடைகள், இசைத்தட்டு உறைகள். அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பெயர் கண்ணில் படும்: ஃபிராங்கி யாங்கோவிக்.

1915இல் பிறந்து, கிளீவ்லாந்தின் காலின்வுட்டில் வளர்ந்தவர் அவர். இரண்டாம் உலகப் போரில், 1944இன் கடுங்குளிரில் ஐரோப்பியப் போர்முனையில் கைகால்கள் உறைந்து கெட்டன. வெட்டி எடுத்துவிட வேண்டும் என்றார்கள் மருத்துவர்கள். ஃபிராங்கி மறுத்துவிட்டார். மருத்துவமனையில் ஒரு அக்கார்டியனைக் கையில் வாங்கி, வாசித்து வாசித்தே விரல்களை மீட்டார். அந்த விரல்கள்தான் 1948இல் ‘ஜஸ்ட் பிகாஸ்’ என்ற பாட்டை அமெரிக்கா முழுவதும் ஒலிக்கவைத்தன. அதே ஆண்டு மில்வாக்கியில் அவருக்குப் போல்கா அரசர் பட்டம் கிடைத்தது. 1986இல் போல்காவுக்கென்று முதன்முறையாக கிராமி கொடுத்தபோது, அதையும் வாங்கியவர் அவர்தான். 1998இல் மறைந்தார்.

‘ஜஸ்ட் பிகாஸ்’ பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அது போல்காப் பாட்டாகப் பிறந்ததல்ல. 1930களில் ஷெல்டன் சகோதரர்கள் பாடிப் பரப்பிய நாட்டுப்புறப் பாட்டு. தெற்கத்திக் கிராமியச் சரக்கை எடுத்து அக்கார்டியனும் பேஞ்சோவும் வைத்து ஆட்டப்பாட்டாக்கினார் ஃபிராங்கி. அந்தக் கிராமிய இசைக்குப் பேர்போன நாஷ்வில் நகரத்துக் கலைஞர்கள் ஸ்டரின் ஆல்பங்களுக்கு விருந்தாளிகளாக வந்ததைப் பிற்காலத்து வியாபார உத்தி என்று பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். எதிர்த்திசையிலும் போக்குவரத்து இருந்தது. நாஷ்வில்லின் புகழ்பெற்ற ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ மேடைக்கு அக்கார்டியனைக் கொண்டுபோன பீ வீ கிங், விஸ்கான்சினில் பிறந்த போலந்து வம்சத்துப் பிள்ளை. தந்தையே போல்காக் குழு நடத்தியவர். ‘டென்னசி வால்ட்ஸ்’ மெட்டு அந்தப் பிள்ளை போட்டது.

சனிக்கிழமை மாலை ஆட்டக்கூடத்துக்குப் போனேன். மரத்தரை. நீண்ட மேசைகள். புளித்த முட்டைக்கோஸ் வைத்த குளோபாசா சாசேஜ், அக்ரூட் பருப்பு வைத்துச் சுருட்டிய பொட்டிட்சா ரொட்டி, பீர். ஆடுகிறவர்களில் பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். கிளீவ்லாந்துப் பாணியில் குதிப்பு குறைவு, தரையைத் தடவிக்கொண்டே வழுக்கிச் சுழல்வார்கள். எண்பது வயதுத் தம்பதி ஒன்று கூடத்தை முழுவட்டமாகச் சுற்றிவந்தும் மூச்சு வாங்காமல் போய் உட்கார்ந்ததைப் பார்த்தேன்.

என் மேசையில் இருந்தவர்களிடம் ஸ்டரின் ஆல்பத்தைப் பற்றிக் கேட்டதுதான் தாமதம். பாட்டு மாறும் இடைவெளி தோறும் பேச்சு அங்கேயே வந்து நின்றது.

“ஃபிளெக் மாதிரி வாசிக்க உலகத்தில் ஆள் இல்லை. ஆனால் அவர் வாசிப்புக்கு என்னால் ஆட முடியாது” என்றார் ஓய்வுபெற்ற இயந்திரத் தொழிலாளி ஒருவர். இளவயதில் வாரக் கடைசிகளில் குழுக்களில் பேஞ்சோ வாசித்தவர். கிளீவ்லாந்தின் பேஞ்சோவுக்கு நான்கு தந்தி. ஒரே வீச்சில் எல்லாத் தந்திகளையும் அடித்து, உடனே கையால் ஒலியை அமுக்க வேண்டும். அதுதான் அந்த ‘சக்’. ஃபிளெக்கினுடையது ஐந்து தந்தி. மூன்று விரல்களில் நகம்போல் மாட்டிக்கொண்ட மீட்டிகளால் ஒவ்வொரு தந்தியாகத் தட்டி, ஓயாத அருவியாக ஸ்வரங்களைப் பொழிவது. “என் வாத்தியம் சுத்தியல். அவருடையது மழை. மழைக்கு எந்த இடத்தில் கால் வைப்பது?” என்று கேட்டார்.

அவர் மனைவி ஒப்பவில்லை. “நான் அந்தப் பாட்டுக்கு ஆடியிருக்கிறேன். பேஞ்சோ என்ன செய்தாலும் டிரம்ஸும் பாஸும் இடத்தை விட்டு நகரவில்லை. நீங்கள் உங்கள் வாத்தியத்தை மட்டும் கேட்கிறீர்கள்.”

இதற்கு அவரிடம் பதில் இருந்தது. தாளம் பிசகவில்லை என்பது வேறு, தாளம் தூக்கிவிடுகிறது என்பது வேறு என்றார். ஆடுகிறவரைக் கீழே விழாமல் பார்த்துக்கொண்டால் போதாது, மேலே எழுப்ப வேண்டும். இதைச் சொல்லும்போது மேசை ஓரத்தில் விரலால் இரண்டு விதமாகத் தட்டியும் காட்டினார். முதல் தட்டு சரியாக இருந்தது. இரண்டாவது தட்டுக்கு என் குதிகால் தானாக எழுந்தது.

பூட்ஸ் ராண்டால்ஃப் பெயர் வந்ததும் மேசையே ஒருமுகமானது. ‘யாக்கெட்டி சாக்ஸ்’ வாசித்த அந்த மனிதர் எந்தக் குழுவில் நின்றாலும் ஆட்டம் களைகட்டும் என்றார்கள். காரணம் எளிது. கென்டக்கியில் பிறந்து நாஷ்வில்லில் பெயர் வாங்கியவர் என்றாலும், நாக்கால் வெட்டி வெட்டித் துள்ளவைக்கும் அவருடைய ஊதல் போல்காவின் கால்களுக்கென்றே அளந்து தைத்ததுபோல் இருக்கும். சாக்ஸபோனும் இந்த இசைக்குப் புதிய வாத்தியம் அல்ல.

சார்லி டேனியல்ஸ் விஷயத்தில் பேச்சு கொஞ்சம் சூடானது. பெயர் விற்கத்தான் அட்டையில் போட்டார்கள் என்றார் ஒருவர். பஃபலோவிலிருந்து வந்திருந்த ட்ரம்பெட் கலைஞர் அதை மறுத்தார். அவர் கிழக்கத்திப் போலந்துப் பாணிக்காரர், ஸ்டரின் கட்சி. கிழக்கத்திப் பாணி வேகமானது, பிக் பேண்ட் போல ஊதுவாத்தியங்கள் அணிவகுப்பது, எழுதிவைத்த ஸ்வரத்தைப் பார்த்து வாசிப்பது. பிடிலுக்கு அதில் பழைய இடம் உண்டு. “போலந்துக் கிராமத்துக் கல்யாணத்தில் பிடில் இல்லாமல் எது? டேனியல்ஸ் வந்தது எங்கள் பாட்டனார் வீட்டுக்கு” என்றார். சிகாகோக்காரர்கள் இன்னொரு கட்சி. அவர்கள் பாணி வேகம் தணிந்தது, குதித்து ஆடுவது. ஸ்டரின் வேகத்துக்கு எந்த விருந்தாளி வந்தாலும் மூச்சு முட்டும் என்பது அவர்கள் குறை.

அந்த இரவில் எல்லோரும் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்ட பெயர் வில்லி நெல்சன். 1996இல் வந்த ‘போல்கா! ஆல் நைட் லாங்’ ஆல்பத்தில் ஸ்டரோடு பாடியவர் அவர். டெக்சாஸின் ஆபட் என்ற ஊரில் வளர்ந்த அவர், ஏறத்தாழ பத்து வயதில் சம்பளம் வாங்கி வாசித்த முதல் குழு ஜான் ரெய்ஜெக் என்ற செக் குடியேறியின் போல்காக் குழு. அந்த ஊரைச் சுற்றி செக் விவசாயிகள் நிறைய. எனவே ஸ்டரின் ஆல்பத்தில் வில்லி பாடியபோது, உலகப் புகழ் அடைந்த ஒரு பிள்ளை தான் முதலில் சம்பாதித்த வேலைக்கே திரும்பியிருந்தார். மறு ஆண்டு ‘லிவிங் ஆன் போல்கா டைம்’ ஆல்பத்துக்கு வந்த ஃபிளாக்கோ ஹிமேனஸின் கதையும் இதேதான். அவர் சான் அன்டோனியோவின் மெக்சிகக் குடும்பத்துப் பிள்ளை. டெக்சாஸின் ஜெர்மானியரிடமும் செக் மக்களிடமும் மெக்சிகத் தொழிலாளர்கள் அக்கார்டியனையும் போல்காவையும் எடுத்துக்கொண்டு வளர்த்த கொன்ஹுன்டோ இசை அவருக்குத் தந்தைவழிச் சொத்து. ‘போல்கா இன் பாரடைஸ்’ ஆல்பத்தில் பாடிய பாபி வின்டனோ பென்சில்வேனியாவின் கேனன்ஸ்பர்க்கில் பிறந்த போலந்து வம்சத்தவர். 1974இல் போலந்து மொழி வரிகளைச் சேர்த்துப் பாடியே வானொலியை வென்றவர்.

இந்தப் பட்டியலைக் கேட்டுக்கொண்டே இருந்தபோது எனக்கு ஒன்று உறுதியானது. அட்டையில் ‘சிறப்பு விருந்தினர்’ என்று அச்சிட்டிருந்தாலும் இவர்களில் பலர் இந்த வீட்டில் தவழ்ந்தவர்கள். அவர்களுக்கு யாரும் தாளத்தை விளக்க வேண்டியிருக்கவில்லை. உண்மையான வெளியாள் ஃபிளெக் ஒருவர்தான். நியூயார்க் நகரத்தில் பிறந்து, ப்ளூகிராஸ் இசையில் கைதேர்ந்து, ஜாஸுக்கும் நம் நாட்டு இசைக்கும் போனவர். மேசையில் அவரைப் பற்றி மட்டும் முடிவு எட்டப்படாமல் போனது அதனால்தான்.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். இயந்திரத் தொழிலாளி சொன்னதில் பெரும்பகுதி சரி. ஃபிளெக்கின் வாசிப்பு ஆடுகிறவரைத் தூக்கவில்லை, அவரைச் சுற்றி ஓடுகிறது. ஆனால் ஜாகிர் உசேனோடு அவர் வாசித்ததைக் கேட்ட காதுக்கு இன்னொன்றும் தெரியும். தனக்கு அந்நியமான ஒரு தாளத்தில் அவர் ஒருபோதும் அதட்டி நுழைவதில்லை. அடி எங்கே விழுகிறது என்று கேட்டு, அதன் இண்டு இடுக்கில் ஸ்வரங்களை வைக்கிறவர். போல்காவிலும் அப்படித்தான் வைக்கிறார். வெட்டு விழும் இடத்தை டிரம்ஸுக்கு விட்டுக்கொடுக்கிறார். அந்த அடக்கத்தைப் பழைய பேஞ்சோக்காரர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் ஆட்சேபம். அதை அவரிடமே சொன்னேன். யோசித்துவிட்டு, “இருக்கலாம். ஆனால் நான் ஆடத்தானே வருகிறேன்” என்றார்.

எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த அக்கார்டியன் மாணவி ஒருத்தி அப்போதுதான் வாயைத் திறந்தாள். ஃபிளெக் பெயரைத் தேடிப்போய்த்தான் அவள் முதன்முதலில் ஒரு போல்கா ஆல்பம் கேட்டாளாம். ஓராண்டில் அக்கார்டியன் வாங்கினாள். இப்போது பாட்டியின் ஊர்ப் பாட்டுகளைக் கற்றுக்கொண்டிருக்கிறாள். “அவர் வந்திருக்காவிட்டால் நான் இந்த மேசையில் இல்லை” என்றாள். தொழிலாளி தம் கோப்பையை அவள் பக்கம் உயர்த்தினார். ஒரு விருந்தாளி இதைவிடப் பெரிதாக வேறென்ன செய்துவிட முடியும்?

ஆனால் பெரிய பெயர்கள் வந்ததால் மட்டும் இந்த இசைக்கு வெளியுலகில் இடம் நிலைக்கவில்லை என்பதும் உண்மை. 2009இல் கிராமி அமைப்பு போல்காப் பிரிவை நீக்கிவிட்டது. ஸ்டர் ஒருவரே வாங்கிக் குவித்ததுதான் காரணம் என்று கூடத்தில் சிலர் முணுமுணுக்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. கனடாவின் வால்டர் ஒஸ்டானெக் தொடர்ந்து மூன்று முறை வென்றிருக்கிறார். டெக்சாஸின் ‘பிரேவ் காம்போ’ இரண்டு முறை வென்றிருக்கிறது. உழைத்தவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இந்த இசையின் சந்தை சிறியது, அதன் கூடங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன, விருதுக்குழுவுக்கு அதைக் காக்கும் பொறுமை இல்லை. காரணம் இவ்வளவுதான்.

கடைசிப் பாட்டுக்கு முன்னால் பஃபலோக்காரர் என்னிடம் சொன்ன ஒரு விஷயத்தோடு முடிக்கிறேன். விருந்தாளிக்குக் கிடைப்பது பாட்டின் நடுவே சில ஆவர்த்தங்கள். அதற்கு முன்னும் பின்னும் பாட்டைத் தாங்குவது குழுவின் ட்ரம்பெட்டுகளும் அக்கார்டியனும் டிரம்ஸும். டெனர் சாக்ஸபோன் ஊதிக்கொண்டே பாடவும் செய்யும் ஜானி கேரஸ் போன்றவர்கள் ஸ்டரின் குழுவில் பல்லாண்டுகள் உழைத்தவர்கள். ஃபிராங்கியின் குழுவில் பையனாகச் சேர்ந்து, முதல் கிராமி வாங்கிய ஆல்பத்தைத் தயாரிக்கும் அளவுக்கு வளர்ந்த அக்கார்டியன் கலைஞர் ஜோயி மிஸ்குலினும் அப்படிப்பட்டவரே. அவர்கள் பெயர்கள் உறையின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். ‘லெட்ஸ் போல்கா ரவுண்ட்’ உங்கள் கைக்குக் கிடைத்தால் முதலில் ஃபிளெக்குக்காகவே கேளுங்கள், தவறில்லை. இரண்டாம் முறை அந்தப் பொடி எழுத்துக்காரர்களுக்காகக் கேளுங்கள், முடிந்தால் எழுந்து நின்று.